துடுப்பில்லாத என் மகளுக்கு

அன்பு அபி,

காலைப் பயிற்சி முடிந்து, அடையாற்றங்கரை மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, அம்மா கொடுத்துவிட்ட பையைத் திறக்கும்போது இது உன் கையில் கிடைக்கும். முதலில் இட்லியைச் சாப்பிட்டுவிடு. இதில் முக்கால் பங்கு உன்னைப் பற்றிய பெருமை, கால் பங்கு என்னுடைய குற்றம். அந்தக் கால் பங்கை வெறும் வயிற்றில் படிக்க வேண்டாம். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தி.நகரில் முப்பது வருடமாகப் பாத்திரக் கடை நடத்துகிறவன், வாயை வைத்துப் பிழைத்தவன், சொந்த மகளின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லப் பயந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பெருமையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு அதுதான் சுலபம். ஆடி மாதத்தில் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் அண்டாவை உருட்டுவார்கள், இன்னொரு பக்கம் தட்டு அடுக்கு சரியும், தெருவில் ஒலிபெருக்கி அலறும். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஏழு வயதில் நீ கவிழ்த்த அண்டாவின் மேல் ஏறி நின்று, “அக்கா, இட்லிப் பானை உள்ள இருக்கு, வாங்கக்கா!” என்று ஒரு குரல் கொடுப்பாய். எதிர்க் கடைக்குப் போக இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கடையில் எனக்கு அது பிடித்திருந்தது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வந்தால் பிடிக்காது. மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி, “உங்காத்துப் பொண்ணு பேசறது தெப்பக்குளம் வரைக்கும் கேக்கறது” என்பார். நான் உடனே உன்னைப் பிடித்துக்கொள்வேன். “ஏட்டி, பொட்டப் புள்ள இப்படியா கத்துவா? மெதுவாப் பேசு” என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன். வியாபாரத்துக்கு ஆகிற குரல் வீட்டுக்கு ஆகாது என்று நினைத்தவன் நான். அந்த நியாயத்தை இன்று யாராவது என்னிடம் சொன்னால் அடிக்கப் போவேன்.

எட்டாவது படிக்கும்போது உங்கள் பள்ளியிலிருந்து ஒன்பது பிள்ளைகளைப் படகு விட ஆற்றுக்கு அனுப்பினார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் துடுப்பு கொடுத்தார்கள். நீ துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் நீ எங்கே என்று தேட வேண்டியிருந்ததால், உன்னைப் படகின் கடைசியில் உட்கார வைத்து, சுக்கான் கயிற்றைக் கையில் கொடுத்து, “சும்மா சவுண்டு குடு” என்றாராம் உன் கோச். வீட்டுக்கு வந்து, “அப்பா, நான் காக்ஸ்!” என்று குதித்தாய். அது என்ன வேலை என்று கேட்டேன். “எட்டுப் பேர் துடுப்புப் போடுவாங்க, நான் உக்காந்திருப்பேன்” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. எட்டுப் பேர் உழைக்க என் மகள் மட்டும் மூட்டை மாதிரி உட்கார்ந்து போவதா? திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒற்றைப் பையோடு வந்து, தூக்கிச் சுமந்து கடை போட்டவனுக்கு, சும்மா உட்காருவது என்பதே ஒரு வசவு.

அதன் பிறகு நான் செய்ததை இந்த நகரத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கடையில் இருந்ததிலேயே உயரமான பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து, பளபளவென்று தேய்த்து, மஞ்சள் துணியில் சுற்றி, ஆட்டோவில் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். நீங்கள் எல்லாரும் கரையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தீர்கள். உன் கோச் முன்னால் விளக்கை நிறுத்தி, “சார், புள்ளைக்கு ஒரு துடுப்பு போட்டுக் கொடுங்க, சின்னதா இருந்தாலும் பரவால்ல” என்றேன். அவர் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. “இன்னா அண்ணாச்சி, வெளக்கு குடுத்து துடுப்பு கேக்குற? துடுப்பு வலிக்கிறதுக்கு ஆளு கெடைப்பான். இந்த மாதிரி கண்ணும் வாயும் எங்க கெடைக்கும்? இது தான் நைனா படக ஓட்டுது. மத்த எட்டு பேரும் இன்ஜினு” என்றார். விளக்கை நான் திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன். நீ மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றிலிருந்து மூன்று வருடம் உன்னை அந்தக் கரையில் எல்லாரும் குத்துவிளக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு நான் இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீ வளர்ந்தாய் என்று எழுத ஆசைதான், ஆனால் உயரத்தில் நீ அங்கேயேதான் நின்றாய். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை நான் உன்னைப் பார்த்துத்தான் நம்பினேன். கல்லூரிக்குப் போனதும் ஆண்கள் படகுக்கே உன்னைக் காக்ஸாக எடுத்தார்கள். காக்ஸ் ஆணா பெண்ணா என்று விதி கேட்பதில்லையாம், எடை மட்டும் ஐம்பத்தைந்து கிலோ இருக்க வேண்டுமாம். நீ நாற்பத்தெட்டு. குறைகிற ஏழு கிலோவை மண் மூட்டையாகக் கட்டிப் படகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாய். மண்ணா? பித்தளையும் செம்பும் நிறுத்து விற்கிற வீட்டுப் பெண்ணா மண் மூட்டையோடு போவது? பழைய தராசின் ஐந்து கிலோ கல்லையும் இரண்டு கிலோ கல்லையும் அரசாங்க முத்திரை தெரிகிற மாதிரி துடைத்துக் கொடுத்தேன். நடுவர் அவற்றை நிறுத்துப் பார்த்து, ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்று தலையாட்டினார் என்று நீ வந்து சொன்னபோது, பதக்கம் வாங்கியது நான்தான் என்பது மாதிரி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

பதக்கமும் வந்தது. மாநிலப் போட்டியின் கடைசி நாள், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். உன் படகு முதலில் வந்ததா என்றுகூட எனக்குப் புரியவில்லை, எல்லாரும் கத்தியதால் நானும் கத்தினேன். படகு கரைக்கு வந்தது. நெடுநெடுவென்று எட்டுப் பேர் இறங்கினார்கள். இறங்கி, உன் கையிரண்டையும் காலிரண்டையும் பிடித்துத் தூக்கி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஆற்றுக்குள் வீசினார்கள். அந்தத் தண்ணீரில் யாரும் கால் நனைக்கவே யோசிப்பார்கள்! வேட்டியை மடித்துக் கட்டி ஓடிப்போய், அகப்பட்டவன் முதுகில் குடையால் இரண்டு போட்டேன். அகப்பட்டவன் ஜெரால்டு. பெசன்ட் நகர்க் குப்பத்துப் பையன், மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, படகில் உனக்கு நேர் எதிரே உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவன். நீ தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, அடிக்காதப்பா! ஜெயிச்சா காக்ஸத் தூக்கித் தண்ணில போடுறது வழக்கம்பா!” என்று கத்தினாய். ஜெரால்டு முதுகைத் தடவிக்கொண்டே, “இன்னா அண்ணாச்சி, ஜெயிச்சதுக்கே இந்த அடின்னா, தோத்துருந்தா இன்னா பண்ணியிருப்ப?” என்று கேட்டான். ஒடிந்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். அன்று ராத்திரி உன் அம்மா உன் தலைக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே, “எட்டுப் பேர் சேர்ந்து தூக்குற அளவுக்கு எம் மவ பெரிய ஆளு” என்றாள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஹைதராபாத் ஏரிதான் பெரிது. தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று. அன்று முதன்முறையாக உன் வேலை என்ன என்பதை நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். கரையிலிருந்து பார்த்தபோது நீங்கள் மூன்றாவதாகத்தான் வந்துகொண்டிருந்தீர்கள். பிறகு என்னவோ நடந்தது, பக்கத்துப் படகுகள் நின்றுபோனது மாதிரி இருந்தது, நீங்கள் ஒரு மூக்கு நுனி வித்தியாசத்தில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினீர்கள். என்ன நடந்தது என்பதை அன்று சாயங்காலம்தான் கேட்டேன். படகில் ஒட்டிவைத்திருந்த சின்னக் கேமராவில் உன் குரல் பதிவாகியிருந்தது. “டேய், கேளுங்க. நம்ம மூணாவது. முன்னாடி ரெண்டு போட் இருக்கு, அரை போட் நீளம் பின்னால இருக்கோம். பொய் சொல்லல. இருவது தடவ நல்லா இழுத்தா புடிச்சுரலாம். ஜெரால்டு, வரியா? முரளி, வரியா?” என்று எட்டுப் பேரையும் பேர் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாய். நான் அதட்டி அடக்கப் பார்த்த அதே குரல். அதைக் கேட்டு ஆறடிப் பிள்ளைகள் எட்டுப் பேர் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். நான் அந்த ஓட்டல் அறையில் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஜெரால்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பின்னால் இருக்கிறோம் என்று சொன்னால் பிள்ளைகள் மனம் விட்டுவிட மாட்டார்களா, ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாமே என்று அவனிடம் கேட்டேன். வாடிக்கையாளர் முகம் வாடாமல் பேசியே பழகியவனுக்கு வேறு என்ன தோன்றும்? அவன் சொன்னான்: “அண்ணாச்சி, நாங்க போற பக்கம் முதுகக் காட்டிக்கினு ஒக்காந்துகினு கீறோம். பின்னால வர்றவன் தான் எங்களுக்குத் தெரிவான். முன்னால போறவன அபி மட்டும் தான் பாக்க முடியும். அது ஒரு தபா பொய் சொல்லிச்சுன்னு வெச்சுக்க, அப்பறம் எவன் கை வலிக்க இழுப்பான்?” இவ்வளவு பெரிய பாடத்தைக் கேட்டுவிட்டு ஊருக்கு வந்து நான் என்ன செய்தேன் என்பதுதான் இனி வருவது.

போன மாதம் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, அன்று சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை கார்த்தியின் அப்பாவும் நானும் மட்டும் நின்றோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்பது மாதிரி, “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் படகு கிடகெல்லாம் இருக்காதுல்லா அண்ணாச்சி? வீட்டுக்கு வர்ற பொண்ணு, ஆம்பளப் பையங்களோட ஊர் ஊராப் போறது நல்லாருக்காது பாருங்க” என்றார். சரக்கு கைக்கு வருகிற நேரத்தில் பேரம் முறிந்துவிடுமோ என்று ஒரு பயம் வரும், அந்தப் பயம் எனக்கு வந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன், உனக்கும் பிடித்திருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். “அதெல்லாம் தாலி ஏறுனதும் நின்னுரும். நான் வாக்குக் கொடுக்கேன்” என்றேன். உன்னைக் கேட்கவில்லை. உன் அம்மாவைக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது நீ பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாய். உன் பதினான்கு வருட உழைப்பை நான் கை கழுவுகிற நேரத்தில் கொடுத்துவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதை மறந்தும் போயிருப்பேன். திங்கட்கிழமை உனக்கு இந்திய அணிப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் புனேயில் இருக்க வேண்டும். கடைக்கு ஓடி வந்து, கல்லா மேஜையில் போனை வைத்து, “போலாம்லப்பா? ஆசியப் போட்டிப்பா!” என்றாய். “போயிட்டு வா தாயி” என்று நான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ கடைப் பையன்களுக்கெல்லாம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாய். என் டம்ளரை நான் கடைப் பையனிடமே கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. “அவ எட்டு ஆம்பளைங்களுக்கு வழி சொல்லுதா. அவ வாழ்க்கைக்கு வழி அவளக் கேக்காமச் சொல்ல நீங்க யாரு?” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை “நீங்க யாரு” என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

நேற்று சாயங்காலம் ஆதம்பாக்கத்தில் கார்த்தி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள், நான் குடிக்கவில்லை. “நான் கொடுத்த வாக்க திரும்ப வாங்கிக்கிட வந்துருக்கேன். அவ வாழ்க்கைய எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்ல. அவ புனே போவா” என்றேன். கார்த்தியின் அம்மா முகம் சிவந்து, “பெரிய யாவாரி நீங்க, சொன்ன சொல்ல மாறலாமா?” என்று கேட்டார். “கெட்ட சரக்கக் கொடுத்துட்டேன்னு தெரிஞ்சா திரும்ப வாங்குறதுதாம்மா யாவாரம்” என்றேன். கார்த்தியின் அப்பா அவரைக் கையமர்த்தினார். பிறகு, “அப்ப நாங்களும் யோசிக்கணும் அண்ணாச்சி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு மனசு கூடுதலாகக் கலங்கியது.

கார்த்தி வாசல்வரை வந்தான். உனக்கு அவனைப் பிடிக்கும் என்று தெரியும், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. “அப்பா உங்ககிட்ட கேக்கப் போறாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மாமா. நான் தடுக்கல. அவகிட்ட நானே கேட்டா, படகா நானான்னு வந்துருமோன்னு பயமா இருந்திச்சு” என்றான். கண் கலங்கியிருந்தது. பிறகு, “ஞாயித்துக்கிழம ஆத்துக்கு வந்து நானே அவகிட்டப் பேசுறேன். அதுவரைக்கும் நீங்க சொல்லாம இருக்க முடியுமா?” என்று கேட்டான். “முடியாது மாப்ள” என்றேன். அவன் நல்ல பையன், பயந்த பையன், இரண்டும் உண்மைதான். பயம் ஒரு குற்றமில்லை. நானும் பயந்துதான் வாக்குக் கொடுத்தேன். ஆனால் பயந்தவன் தன் பயத்தை உன்னிடமே வந்து சொல்கிறானா, உன் முதுகுக்குப் பின்னால் நாலு பேரிடம் சொல்கிறானா என்பதைப் பார். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முழுசாகப் பேசவிடு. உனக்கு எடுத்ததற்கெல்லாம் குறுக்கே பேசுகிற பழக்கம் உண்டு, அது என்னிடமிருந்து வந்தது, அன்று ஒருநாள் அதை வைத்துக்கொள்ளாதே. அவன் அழுகிறானே என்று இரக்கப்பட்டும் ஒப்புக்கொள்ளாதே. அப்பாவுக்கு அவமானம் வருமே என்றும் யோசிக்காதே. எனக்கு வர வேண்டியது நேற்றே வந்து, காபி டம்ளரோடு அங்கேயே இருந்துவிட்டது.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒன்பது நாள் பேசாமல் இரு, பதினெட்டு நாள் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் உன்னை நான் சின்னவளாக நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. என் கடைக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்துபோயிருக்கிறார்கள். உன் அளவுக்கு நான் யாரையும் பார்த்துப் பிரமித்ததில்லை. உன் பெருமையை ஊரெல்லாம் சொன்னேன், உன்னிடம் மட்டும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை நேற்று மத்தியானம் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. நானூறு. கடை உள்ளறையில் கட்டுப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். முதல் பத்திரிகையை மஞ்சள் தடவித் திருச்செந்தூரில் முருகன் காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கே தெரியும். இந்தத் தடவை நான் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. இட்லி டப்பாவுக்குக் கீழே மஞ்சள் தடவிய உறை ஒன்று இருக்கும், எடுத்துப் பார். அதுதான் முதல் பத்திரிகை. யாரிடம் முதலில் கேட்க வேண்டுமோ அவரிடம் வைத்திருக்கிறேன். இந்தக் கல்யாணம் நடக்கலாமா என்று நீ சொல்லும்வரை மிச்சக் கட்டை நான் பிரிக்க மாட்டேன்.

உன் அப்பா